லேசான சூடுதான்

விடிகாலையில் ஹந்தானைப் பக்கத்து வளவொன்றிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தால் மலைப் பனி என்று ஏமாந்துவிடாதீர்கள். பிக்கப் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். அவரைக் கேட்டால் பனி என்றுதான் சொல்வார்.

இவர் ஒற்றை ஆளல்ல. கட்டுகஸ்தோட்டையில் ஒருவர் இருக்கிறார், பிலிமத்தலாவையில் இன்னொருவர். கெலிஓயாவில் இரண்டு மூன்று பேராவது தேறுவார்கள். வண்டி எண்பதுகளின் டொயோட்டா ஹைலக்ஸ், 2.4 லீட்டர் டீசல் எஞ்சின். எவ்வளவு மூட்டை ஏற்றினாலும் இழுக்கும். சூடேறினால் மட்டும் சிலிண்டர் ஹெட் போய்விடும். அண்ணனுக்கு இது தெரியாததல்ல. அடுத்தவன் வண்டி வழியில் நின்றால் இவர்தான் வைத்தியர்.

"எஞ்சின் ஆறிக் கிடக்கிறப்ப ரேடியேட்டர் மூடியக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி. குமிழி குமிழியா வந்துச்சுன்னா கேஸ்கட் போச்சு. சிலிண்டர்ல வெடிக்கிற காத்து தண்ணி ஓடுற வழிக்குள்ள புகுந்திருச்சி."

அதே குமிழி தன் வண்டியில் வந்தால், "காத்து அடைச்சிருக்கு." தண்ணீர் குறைந்தால் வெயில். ஆயில் மூடியின் அடியில் பால் தேத்தண்ணி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், "மழைக்காலம்தானே." காலையிலேயே ஹோஸ் கல்லாய் விறைத்து நின்றால், "புது ஹோஸ், அப்படித்தான் இருக்கும்."

அவரையும் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில் பழைய பிக்கப்புக்குப் பவுன் மதிப்பு வந்துவிட்டது. ஹெட் போன வண்டி என்று ஊரில் பேர் விழுவது, கட்டிக்கொடுக்க இருக்கும் பெண்ணின் ஜாதகத்தில் தோஷம் என்று சொல்வது மாதிரி.

உண்மை கடுகண்ணாவையில்தான் வெளிவரும். நீராவிக் காலத்தில் ரயிலுக்கே பின்னால் இன்னோர் எஞ்சின் பூட்டித் தள்ளிய ஏற்றம் அது. முள் சிவப்பைத் தொட, ஏற்றத்தின் உச்சியிலுள்ள டோசன் கோபுரம் கண்ணில் படும் முன்பே அண்ணன் வீதியோரம் பானட்டைத் திறந்து நிற்பார். வண்டி கயிற்றில் இழுபட்டுக் கராஜ் வந்து சேரும்.

இந்தமுறையும் அப்படித்தான். கராஜ் மெக்கானிக் பாஸ் (ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், கோட்டைகளைவிட உறுதியாக நிற்கிறது) டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார்.

"ஹெட்டக் கழட்டணும் சேர்."

"லேசான சூடுதான் பாஸ்."

பாஸ் பதில் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்தார். இறக்கிய ஹெட்டின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் மெல்லிய தகட்டை நுழைத்தார், தாராளமாகப் போயிற்று. ஹெட் வளைந்திருக்கிறது. கேஸ்கட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே கருகிய கோடு. அண்ணன் அதைக் கையில் வாங்கி, செத்த வீட்டில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

வெடிப்பு இல்லை என்றதும் உயிர் வந்தது. லேத் பட்டறையில் முகத்தைச் சீவிக்கொண்டு வந்தார்கள். டோர்க் ஸ்பேனரால் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சுற்றுச் சுற்றாக பாஸ் இறுக்கினார். பின்னால் நின்று, "நடுவிலிருந்து, நடுவிலிருந்து" என்று அண்ணன் வழிநடத்தினார். தேத்தண்ணி மட்டும் அவருடைய செலவில் நான்கு தடவை வந்தது.

"ரேடியேட்டர் பாதிக்கு மேல அடைச்சிருக்கு சேர். தேர்மோஸ்டாட்டையும் காணோம்."

"அது நான்தான் கழட்டினேன், சூடு குறையட்டும்னு. ரேடியேட்டர அடுத்த மாசம் பார்ப்போம்."

கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஹெட் போனதாமே என்று விசாரித்தவர்களிடம், "சும்மா கழட்டிப் பார்த்தோம்" என்கிறார். அடுத்த மாதம் வந்து போய்விட்டது. கடுகண்ணாவையில் பானட் திறந்த ஹைலக்ஸ் ஒன்றைக் கண்டால் தண்ணீர்ப் போத்தலைக் கொடுங்கள். சூடு ஆறும்வரை மூடியில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.