கிரேடில் தாமத விசாரம்

காலத்தின் நீட்சியைக் குறித்து வாய்திறக்கும் அதிகாரம் பெரம்பலூர் மாவட்டத்தாருக்கு இயல்பாகவே உண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்பது பிரசித்தம். ஆயினும், அம்மரம் கல்லாவதை எவரும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வேப்பந்தட்டையில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் மென்பொருள் இளைஞனோ, ஆண்ட்ராய்டு ஆப்பைத் தொகுத்து பில்ட் செய்யும் கிரேடில் என்னும் கருவி ஓடுகையில் தோன்றும் 'ரன்னிங் கிரேடில் டாஸ்க்' என்னும் வரியையும் அதன் வாலில் நிற்கும் மூன்று புள்ளிகளையும் நாள்தோறும் தரிசித்தாக வேண்டியிருக்கிறது.

ஒரே நிரலை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓட்டலாம் என்று 2015-இல் ரியாக்ட் நேட்டிவும், 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்போடு ஃபிளட்டரும் வந்து நின்றபோது, எழுதும் வேலை மிச்சம் என்பது யாவர்க்கும் விளங்கிற்று. பில்ட் ஆகும் நேரம் யார் பற்றில் எழுதப்படும் என்பது மட்டும் விளங்கவில்லை.

இத்தாமதத்துக்குக் காரணம் 'நெட் ஸ்லோ' என்பது பூர்வபட்சம். லைப்ரரிகளை முதன்முறை இறக்கும்போதும், பதிப்பு எண்ணுக்குப் பதில் கூட்டல் குறியைப் போட்டுவைத்தவர்களுக்காக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரேடில் புதுப்பதிப்பை விசாரிக்கப் போகும்போதும் அவ்வாதம் செல்லும். மற்றபடி, ஆஃப்லைன் என்று சொல்லி ஓட்டியும் அதே நேரம் பிடிக்குமானால், டவரின்மேல் சுமத்திய பழி அபாண்டமே.

மெய்யான காரணம் பெரும்பாலும் ரேமில் இருக்கிறது. எட்டு ஜி.பி. லேப்டாப் ஒன்றில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர், இருபது டேப் திறந்த குரோம் ஆகியவை முன்னரே குடியேறியிருக்க, வேலை முடிந்த பின்னும் மூன்று மணி நேரம் அடுத்த பில்டை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கிரேடில் டீமனும் வந்து சேர்கிறது. ஸ்டுடியோவுக்கு ஒரு ஜாவா, டெர்மினலுக்கு வேறொரு ஜாவா என்றிருந்தால் டீமனும் இரண்டாகிறது. இந்நிலையில், யாரோ சொன்னார் என்று எட்டு ஜி.பி.யையும் கிரேடிலுக்கே தாரைவார்த்து எழுதிவைக்கும் புண்ணியவான்களும் உளர். அப்புறம் டிஸ்க் படும் பாட்டை அதன் விளக்கே மினுக்கி மினுக்கிச் சொல்லும்.

ரியாக்ட் நேட்டிவ் வகையாருக்குத் தனியான ஒரு வினை உண்டு. கேபிளில் மாட்டியிருப்பது ஒரே போன். அதற்கு வேண்டியது ஆர்ம் 64 ஒன்றே. அமைப்பை மாற்றாவிட்டால் நான்கு வகைச் செயலிகளுக்கும் நேட்டிவ் நிரல் தொகுக்கப்படுகிறது. வந்த விருந்தாளி ஒருவர், விரித்த இலை நான்கு. 'ஆக்டிவ் ஆர்ச் ஒன்லி' என்று ஒரு சொல் சேர்த்தால் மூன்று இலை மிஞ்சும்.

பரிகாரங்களிலோ 'கிளீன்' அடிப்பதே சர்வரோக நிவாரணியாகப் போற்றப்படுகிறது. முந்தைய பில்டில் மாறாத பகுதிகளை மறுபடி தொகுக்காதிருக்கும் பொருட்டுச் சேமித்தவற்றையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, வேகம் வரவில்லையே என்று ஏங்கும் இப்பக்தியை என்னால் மன்னிக்க இயலவில்லை. 'புரொஃபைல்' என்று சேர்த்து ஒருமுறை ஓட்டினால், எந்த டாஸ்க் எத்தனை விநாடி தின்றது என்று கிரேடிலே அறிக்கை எழுதித் தரும். அதைத் திறந்து பார்ப்பாரைத்தான் காணோம்.

சித்திரை வெயிலில் சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு மின்விசிறியே மருந்து.

ஐபோன் பில்டைப் பற்றி இவ்விசாரம் பேசாததற்கு நியாயம் உண்டு. அதற்கு எக்ஸ்கோடு வேண்டும். எக்ஸ்கோடோ மேக்கைத் தவிர வேறெதிலும் ஓடாது. ஆதலால் நம் இளைஞனின் விண்டோஸ் லேப்டாப்பில் அந்த பில்ட் தாமதமானதாக இதுவரை ஒரு புகாரும் இல்லை.