பயத்துக்கு 0, ஒதுங்குறதுக்கு 3

ஏலே பேராண்டி, நீ கொண்டாந்த தாளைக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சேன். நாலு பேரு முன்னால நிக்க மனுசன் எம்புட்டு பயப்படுதான்னு அளக்குற கணக்காம். நியூயார்க் டாக்டர் லீபோவிட்ஸ் 1987-ல போட்டது. 24 சங்கதி. ஒவ்வொண்ணுக்கும் பயத்துக்கு 0-லருந்து 3, ஒதுங்குறதுக்கு 0-லருந்து 3. எல்லாத்தையும் கூட்டுனா 144. நீ பத்தாப்புல விட்ட மார்க்கையெல்லாம் இதுல பிடிச்சிரலாம் போல.

பொதுக் கழிப்பறைக்குப் போறதப் பத்தி ஒரு கேள்வி. நம்ம பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கா? சத்தியமாப் போகமாட்டேன். ஒதுங்குறதுக்கு 3 போட்டேன், பயத்துக்கு 0. நாத்தத்துக்குக் கட்டம் இல்லியே, என்ன செய்ய? வாங்குன சாமானைக் கடையில திருப்பிக் கொடுக்கறது இன்னொண்ணு. அண்ணாச்சி நோட்டுல போன தீவாளி பாக்கியே நிக்குது. புழுத்த பருப்பை எந்த மூஞ்சியோட நீட்ட? அங்கயும் 3. நீ என்னடான்னா கூட்டிப் பார்த்துட்டு, தாத்தாவுக்கு சமூகப் பதற்றம்னு எழுதிட்டே. எனக்கு இருக்கது கடன்லே!

"ஆல்ஃபா 0.9-க்கு மேல வந்துட்டு தாத்தா"ன்னு வேற குதிக்கே. கிரான்பாக் 1951-ல சொன்ன அந்தக் கணக்கு, கேள்விக ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னுதான் சொல்லும். பங்காளிக சேந்து ஒரே பொய்யைச் சொன்னாலும் சாட்சி ஒத்துத்தான் போகும்.

இதே மாதிரி பயத்தை அளக்க மேட்டிக்கும் கிளார்க்கும் 1998-ல போட்ட தாளையும் காட்டுனியே. 20 கேள்வியில 3-க்கு மார்க்கைத் தலைகீழாப் போடணும், சிநேகிதம் பிடிக்கச் சுளுவா இருக்குங்கிற ரகம். 2007-ல ரோடபா, வூட்ஸ், ஹைம்பர்க் மூணு பேரும் நோண்டிப் பார்த்தா, அந்த மூணு கேள்வியும் பயத்தைவிட ஆளோட கலகலப்பைத்தான் கூடுதலா அளந்திருக்கு. பேசாதவனெல்லாம் பயந்தாங்கொள்ளியா? உங்க பெரியப்பன் வீட்டுல வாயே திறக்கமாட்டான். பஞ்சாயத்துல எந்திரிச்சான்னா தலைவருக்கே வேர்க்கும்.

ஒண்ணு செய். டாக்டர் பார்த்து இந்த நோவுதான்னு சொன்னவுக கொஞ்சப் பேரு, இல்லாதவுக கொஞ்சப் பேரு, ரெண்டு பக்கமும் தாளைக் கொடு. மார்க்கு பிரிஞ்சு வருதா பாரு. மனச்சோர்வை அளக்குற தாளையும் கூடவே கொடு. ரெண்டும் சேந்தே ஏறி சேந்தே இறங்குனா, நீ அளந்தது எதைன்னு உனக்கே தெரியாது. அதுக்கெல்லாம் முன்னாடி, ஒவ்வொருத்தரா உக்காத்தி வச்சு, என்னன்னு புரிஞ்சுக்கிட்டு இந்த 3-ஐப் போட்டீகன்னு கேளு.

என்ன, தெருவுல போய் நாலு பேருட்ட கேக்கக் கூச்சமா இருக்கா? அப்ப முதத் தாளை நீ நிரப்பு. அதுவரைக்கும் என் மார்க்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்தாத.