கேத்திலை ஆர் காவுறது?
பருத்தித்துறை நடைக்குழுக்களில் பொதுச்சுமையின் நிலை குறித்து ஓர் ஆய்வு

நடைபயணம் என்றதும் எல்லாரும் காலைப் பற்றியே கதைக்கிறோம். செருப்புக் கடி, கொப்புளம், முழங்கால் நோ. பிழை அங்கேதான் தொடங்குகிறது. நாலு பேர் சேர்ந்து மூன்று நாள் நடந்தால், நாலாம் நாள் அவர்கள் முகம்பார்த்துக் கதைப்பார்களா என்பதைப் பொதுச்சுமைதான் தீர்மானிக்கிறது. ஒருவனுக்கும் சொந்தமில்லாத, ஆனால் எவனாவது காவியே தீரவேண்டிய தறப்பாள், கயிறு, கேத்தில், வடை என்பனவே பொதுச்சுமை. வடையைக் காவ நால்வரும் முந்துவதும், கேத்திலைக் கண்டதும் நால்வரும் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிவதும் ஏன் என்பதே இவ்வாய்வின் வினா.

பருத்தித்துறையைக் களமாகக் கொண்டதற்கு ஆய்வாளர் அங்கே பிறந்தவர் என்பது மட்டும் காரணமன்று. தெருவுக்கே கூரை போட்டு, நடந்து வருபவன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்த ஊர் அது. தெருமூடிமடத்தின் நடுவால் வீதி போகிறது. இரண்டு பக்கமும் திண்ணை. இன்று அதற்குள்ளால் மோட்டார் சைக்கிள்தான் போகிறது, இருப்பாரில்லை. ஆயினும் கட்டடம் தன் கொள்கையை விடவில்லை.

மடத்தைவிட இவ்வாய்வுக்கு முக்கியமானது சுமைதாங்கி. கடகத்தைத் தலையில் ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கை வேண்டும். துணையில்லாமல் வருபவருக்கு என்ன வழி? அதற்காகத் தலையளவு உயரத்தில் வழியோரம் கல் நட்டார்கள். சுமையை அதில் சரித்துவிட்டுக் கேணியில் தண்ணீர் குடிக்கலாம். கூட வந்த மாடு ஆவுரோஞ்சிக் கல்லில் முதுகு தேய்க்கும். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் பேரில் சுமைதாங்கி கட்டுவது வழக்கமாக இருந்தது. அவளால் இறக்க முடியாமற்போனதை ஊரார் இறக்கிவைக்கட்டும் என்று. இந்த இடத்தில் ஆய்வாளர் பகிடியைக் கொஞ்சநேரம் நிறுத்திவைக்கிறார்.

இதிலிருந்து பெறப்படும் வரைவிலக்கணம்: நண்பன் எனப்படுபவன் நடமாடும் சுமைதாங்கி. இரண்டு பட்டி வைத்த முதுகுப்பை வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. தானே கொழுவலாம், தானே கழற்றலாம். கல்லும் வேண்டாம், மச்சானும் வேண்டாம். பைக்குள் அடங்காமல் எஞ்சி நிற்கும் பொருள் கேத்தில் ஒன்றுதான். நட்பின் சிக்கல் முழுவதும் அதற்குள் வந்து தேங்கியது அதனாலேயே.

எதிர்வாதம் ஒன்று உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வேலை முன்னே விட்டுக் கதிர்காமத்துக்கு நடக்கிறார்களே, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஒன்றரை மாதத்துக்கு மேல்? அங்கே கேத்தில் சண்டை ஏன் இல்லை? விடை எளிது. சந்நிதியானுக்குப் பெயரே அன்னதானக் கந்தன். வழிநெடுகச் சோறு கிடைக்கையில் மூட்டை மெலிந்தே இருக்கும். உகந்தைக்குப் போய்ப் பாருங்கள். குமண, யால காடுகளுக்குள் இறங்குமுன் அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் என்று அங்கேதான் மூட்டை வீங்குகிறது. ஆக, சுமை என்பது அடுத்த வேளையைப் பற்றிய பயம். அதை நாம் கிலோவில் நிறுக்கிறோம். வேலைக் காவுவதில் பெருமை இருக்கிறது, வடையைக் காவுவதில் இலாபம் இருக்கிறது. கேத்திலுக்கு இரண்டும் இல்லை.

இனி வடை. பருத்தித்துறை வடையை இந்தியாவின் மெதுவடையோடு குழப்பிக்கொள்ளும் வாசகர் இக்கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. ஊறவைத்த உழுந்தையும் மாவையும் செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலையோடு குழைத்து, தட்டையாகத் தட்டி, மொறுமொறுவென்று பொரிப்பது இது. ஈரமில்லாததால் நாட்கணக்கில் கெடாது. கனடா வரை பெட்டியில் போகிறது. வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேட்டின் நான்கு வரிகளில் இதைப்பற்றி ஒன்றுமில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வேறொரு சான்று இருக்கிறது. புற்றுநோய் மருத்துவத்துக்கு நிதி திரட்ட 2011இல் தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்தவர்களுக்கு 27 நாள் பிடித்தது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு 28 நாள். இரண்டு தடவையும் ஏறத்தாழ 670 கிலோமீற்றர்தான். அந்த ஒரு நாள் எங்கே போனது? புறப்பட்ட இடத்தில் பைக்குள் என்ன ஏறியது என்று எவரும் கேட்கவில்லை.

கள ஆய்வு ஒரு பங்குனியில் நடந்தது. ஆய்வுக்குட்பட்டோர்: வாத்தியார் ஒருவர், வங்கிக்காரன் ஒருவன், கனடாவிலிருந்து லீவில் வந்தவன், ஆய்வாளர். பாதை: கடற்கரையோரமாகக் கற்கோவளம், வல்லிபுரம், மணற்காடு, நாகர்கோவில், தாளையடி, வெற்றிலைக்கேணி, சுண்டிக்குளம். கனடாக்காரனின் பை 65 லீற்றர் என்றான். பையை லீற்றரில் அளப்பதை அன்றுதான் கேள்விப்பட்ட வாத்தியார், “இந்தக் கேத்தில் ரண்டு லீற்றர்தான் மச்சான். உன்ரைக்குள்ள ஊத்திவிடு” என்றார். அவன் ஊற்றவில்லை. கேத்தில் ஆய்வாளரின் பையில் கயிற்றால் தொங்கியது. நடுநிலை கருதி ஏற்றுக்கொண்டதாக அன்று குறித்துவைத்தேன்.

புறப்படும்போது வடை 100. வல்லிபுரத்தில் எண்ணியபோது 83. மணற்காட்டில், மணல் மூடிய பழைய தேவாலயத்துக்கு அருகே சவுக்கமரங்களின் கீழ் படுக்குமுன், 58. பை அடிக்கடி கைமாறியது. “நீ களைச்சுப் போனாய், இங்க கொண்டா” என்ற பரிவான சொல் மூன்று நாளில் பதினொரு தடவை பதிவாகியது; பதினொன்றும் வடைப்பையை நோக்கியே. இதிலிருந்து பெறப்பட்ட விதி: வடையின் பாரம் காவுபவனின் பசிக்கேற்பக் குறையும், கேத்திலின் பாரம் தூரத்துக்கேற்பக் கூடும்.

கேத்திலில் தேத்தண்ணி வைத்தது மணற்காட்டில் ஒரே ஒரு தடவை. பிறகு கடை கண்ட இடத்திலெல்லாம் குடித்தோம். இரண்டாம் நாள் தாளையடியில் யாரோ ஒருவர் கேத்தில் மூடி கழன்று விழாதபடி அக்கறையோடு கட்டிவிட்டிருந்தார். அதுவரை கலகலத்து வந்த கேத்தில் அதன்பின் சத்தத்தை மாற்றியது. மூடி நெளிந்திருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

உடுத்துறையில் சுனாமி நினைவிடத்தின் முன் நால்வரும் சுமையை இறக்கி நின்றோம். அதற்கு எங்கள் அட்டவணையில் நிரல் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் சுண்டிக்குளம். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்த நீர்ப்பரப்பில் பறவைகள் ஒரு பொதுச்சுமையும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் கணக்கு முடித்தோம். பையில் இருப்பு பூச்சியம். தின்றதாக நால்வரும் கொடுத்த வாக்குமூலங்களைக் கூட்டினால் 96. வங்கிக்காரன் இரண்டு முறை கூட்டினான். அப்போதும் 96. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பி வந்த பஸ்ஸில் நாலு பேரும் நாலு சீற்றில் இருந்தோம்.

வீட்டுக்கு வந்து கேத்திலைக் குசினியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா கழுவ எடுத்து, மூடிக் கட்டை அவிழ்த்திருக்கிறா. கிணற்றடிக்குக் கேட்டது:

“டேய், இதென்னடா, கூட்டாளியளுக்குக் குடுக்காமக் கேத்திலுக்க நாலு வடை ஒளிச்சு வச்சிருக்கிறாய்?”