சில்லி சிக்கன் தேசபக்தி

2020 ஜூனில், இந்திய-சீனப் படைகளின் கல்வான் மோதலுக்குப் பிறகு, சீன உணவு விற்கும் ஓட்டல்களைத் தடை செய்ய வேண்டும் என்றார் மத்திய அமைச்சர் ராம்தாஸ் அதாவலே. பீஜிங் பயந்ததோ இல்லையோ, கொல்கத்தா டேங்ராவில் வாணலி பிடித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அங்குள்ள ஹக்கா சீனர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். காளி கோவிலில் நூடுல்ஸ் படைக்கிறவர்கள். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டுமாம்? 1962 சீனப் போரில் இந்தியச் சீனர்களை ஆயிரக்கணக்கில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். 1996இல் டேங்ராவில் இவர்கள் செய்துவந்த தோல் பதனிடும் தொழிலை ஊருக்கு வெளியே போகச் சொன்னது உச்ச நீதிமன்றம். மிஞ்சியது சமையல்.

இப்போது இவர்களுக்கு ஆதரவு அலை. ஞாயிறு விடிகாலை கொல்கத்தாவின் திரெட்டி பஜாரில் ஆவி பறக்கும் சீன பாவோ. நாலு கோணத்தில் படம். “அழிந்துவரும் பாரம்பரியம்” என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் ஆறு பேருக்கு ஒரு தட்டு, அதிலும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம்!

இந்த ஹக்கா சீனர்களில் பலர் டொரான்டோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே பலகையில் ‘ஹக்கா’ என்றிருந்தால் போதும், நம்மவர்கள் வாய் திறக்காமல் டாலரில் கட்டுகிறார்கள், டிப்ஸும் சேர்த்து.