நாலு மாடும் பன்னிரண்டு சாட்சியும்

அந்தக் காலத்தில் மென்பொருள் எழுதி முடித்தவன் அடுத்து ஜாதகம் எழுத உட்கார வேண்டும். பேட் ஃபைல் என்பது அதன் பெயர். ஷேர்வேர் எழுதுகிறவர்கள் சேர்ந்து 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.எஸ்.பி. என்ற சங்கம் வகுத்துக் கொடுத்த எக்ஸ்.எம்.எல். படிவம். பெயர், பதிப்பு எண், விலை, வெளியான தேதி எல்லாம் அதில் ஏற வேண்டும். ஃபைலின் அளவை பைட்டில் ஒரு தடவை, கிலோபைட்டில் ஒரு தடவை, மெகாபைட்டில் ஒரு தடவை எழுத வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ராசிக் கட்டம் போட்ட பிறகு நவாம்சக் கட்டம் எதற்கு என்று யாராவது கேட்கிறோமா?

பிறகு வர்ணனை. ஒன்றல்ல, ஐந்து: 45 எழுத்தில், 80-ல், 250-ல், 450-ல், 2000-ல். 2003 வாக்கில் கோவையில் உட்கார்ந்துகொண்டு நான் விற்கப் பார்த்தது, டிஜிட்டல் கேமரா படங்களுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றும் ஒரு சின்ன சமாச்சாரம். விஷுவல் பேசிக் 6-ல் எழுதியது. 30 நாள் இலவசம், அப்புறம் 19.95 டாலர். கேமரா வைத்த 'டிஎஸ்சி00017' என்ற பெயரை 'ஊட்டி 17' ஆக்கும். அவ்வளவுதான். 45 எழுத்திலேயே கதை முடிந்துவிடும். பெரிய வர்ணனையில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் 'சக்தி வாய்ந்த', 'எளிமையான', 'விருதுகள் பல பெற்ற' என்று ஆங்கிலத்தில் நிரப்பினேன். விருது அப்போது வந்திருக்கவில்லை. வரும் என்று தெரியும்.

ஜாதகம் தயாரானதும் டவுன்லோடு தளங்களின் வாசலில் போய் நிற்க வேண்டும். டுகௌஸ், டவுன்லோடு.காம், சாஃப்ட்பீடியா என்று பெரிய இடங்கள் சில. அவற்றின் பின்னால் பெயரே மறந்துபோன சில்லறைத் தளங்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒரு கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து, நான் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்து அனுப்பினால், அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இயந்திரம். அது முடிகிறவரை 56கே மோடம் போன் லைனை அடைத்துக்கொண்டிருக்கும். "ஏங் கண்ணு, உங்கூட்டுப் போனுக்கு என்ன கேடு? எப்பப் பாத்தாலும் எங்கேஜுங்குது" என்று சித்தி நேரிலேயே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

விருதுகள் வரத் தொடங்கின. ஐந்து நட்சத்திரம், ஆசிரியரின் தேர்வு, இந்த வாரத்தின் முத்து. கூடவே ஒரு படமும் நாலு வரி நிரலும் வரும்: இதை உங்கள் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டினால், நட்சத்திரத்தைச் சொடுக்குகிறவர் விருது கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். கூகுளிலும் அவருக்கு மதிப்பு ஏறும். விருது வாங்கியவர் செலவில் விருது கொடுத்தவருக்கு விளம்பரம். நம்மூர் டாக்டர் பட்டக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ளாதது ஆச்சரியம்.

டுகௌஸ் மட்டும் தனி ரகம். 1993-ல் மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் தொடங்கியது. அங்கே நட்சத்திரம் கிடையாது, மாடுதான், அதிகபட்சம் ஐந்து. எனக்கு நாலு மாடு கிடைத்த சேதியை அன்னூரிலிருந்து வந்திருந்த அப்புச்சியிடம் சொன்னேன்.

"எத்தன லிட்டர் கறக்குமாம்?"

"இல்லீங் அப்புச்சி, கம்ப்யூட்டர்ல படம் மாதிரி…"

"அப்பத் தவுடு செலவில்ல" என்றார். அந்த மென்பொருளுக்கு வந்த மதிப்புரைகளில் நேர்மையானது அதுதான்.

2007-ல் ஆண்டி பிரைஸ் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் இந்த நட்சத்திரங்களின் யோக்கியதையைச் சோதித்துப் பார்த்தார். ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 'இது எதுவுமே செய்யாது' என்ற வாசகம்தான் அதில் திரும்பத் திரும்ப. அதற்கு இஎக்ஸ்இ என்று வால் ஒட்டி, 'அவார்டுமீஸ்டார்ஸ்' என்று பெயரும் சூட்டித் தளங்களுக்கு அனுப்பினார். ஓடக்கூட ஓடாத அந்த ஃபைலுக்குச் சில வாரங்களில் 16 விருதுகள். ஊரே சிரித்தது. எங்கள் முகப்புப் பக்கத்தில் தொங்கியதும் அதே ரக நட்சத்திரங்கள்தான் என்பதால் எங்கள் கூட்டத்தில் சிரிப்பு கொஞ்சம் அடக்கமாக இருந்தது.

'புதிய வெளியீடுகள்' பட்டியலில் மேலே வர ஒரு தந்திரம் உண்டு. ஐகானின் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு 1.03-ஐ 1.04 ஆக்குவது. பட்டியலைப் பார்த்தால் எல்லோரும் மாதாமாதம் ஐகானுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தது தெரியும். இவ்வளவுக்கும் யார் இறக்கினார்கள்? பாதி பேர் இன்னொரு டவுன்லோடு தளத்தின் இயந்திரங்கள். ஒருநாள் பூட்டுடைக்கும் 'கிராக்' பட்டியல் ஒன்றில் என் மென்பொருளின் பெயரைப் பார்த்தேன். வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று தோன்றியது. யாரோ ஒருவன் அதை நிஜமாகவே திறந்து பார்த்திருக்கிறான்! காசு கொடுத்தவர்களும் சிலர் இருந்தார்கள். அந்த டாலர் செக் கலெக்‌ஷனுக்குப் போய் வாரக்கணக்கில் ஊர் சுற்றி, கமிஷன் கழிந்து வரும்.

அப்புறம் காலம் கெட்டது. 2011-ல் டவுன்லோடு.காம், பிறர் எழுதிய மென்பொருளைத் தன் சொந்த இன்ஸ்டாலருக்குள் பொதிந்து, கூடவே டூல்பாரையும் திணிக்கத் தொடங்கியது. அப்படிப் பொதியப்பட்ட என்மேப் என்ற நெட்வொர்க் கருவியை எழுதியவர் அதைப் பகிரங்கமாகச் சாடினார். சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற இன்னொரு டவுன்லோடு தளமும் 2013-ல் அதே வழியில் இறங்கியது. மாடு வளர்த்த டுகௌஸ் டொமைன் பெயர் விற்பதில் செழித்து, 2021-ல் டவுன்லோடு கடையை மூடியது. அதே ஆண்டு ஏ.எஸ்.பி. சங்கமும் கலைந்தது.

இப்போது அதே படப்பெயர் மாற்றியை ஆண்ட்ராய்டு செயலியாக எழுதியிருக்கிறேன். மூன்றே எழுத்தளவு: தலைப்பு 30, சுருக்கம் 80, விரிவு 4000. வர்ணிக்க வேண்டிய சங்கதி இன்றும் 45 எழுத்தைத் தாண்டவில்லை. பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர். அது போகட்டும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியைக் கடையில் வைப்பதற்கு முன் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையாளர்களாக வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது. 2024 கடைசியில் குறைத்தார்கள். சோதனையாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன சொன்னார்கள் என்று கேள்வித்தாளும் உண்டு.

பன்னிரண்டு பேரை வாடகைக்குத் தருகிற சேவைகளும் வந்துவிட்டன. நட்சத்திரம் விநியோகித்தவர்களின் வாரிசுகளாக இருக்கும். சரி, புது வெளியீடுகளுக்கு ஓட்டுப் போடும் புராடக்ட் ஹன்ட் தளத்தில் வெளியிடலாம் என்றால், அங்கே நாள் பிறப்பது பசிபிக் நேரப்படி நள்ளிரவில். நமக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஓட்டுக் கேட்டு எல்லோரும் வாட்ஸ்அப் குழுக்களில் கெஞ்சும் நேரமும் அதுதான். விண்டோஸில் கொடுக்கலாம் என்றால், முன்பின் தெரியாதவன் எழுதியது என்று நீலத் திரை காட்டிப் பயமுறுத்துகிறது. கையொப்பச் சான்றிதழ் வாங்கிப் பெயர் எடுக்க வேண்டுமாம். சான்றிதழின் விலை என் அந்நாளைய வருட வருமானத்தைத் தொடும்.

எதுவுமே செய்யாத டெக்ஸ்ட் ஃபைலுக்கு 16 விருது கொடுத்த உலகம், வேலை செய்கிற செயலிக்கு 12 சாட்சி கேட்கிறது. நியாயம்தான் என்பேன். அந்தப் பழைய நட்சத்திரங்களில் ஒன்றுக்காவது 12 பேரைக் கூட்டிவா என்றிருந்தால், பாதி பேர் அன்றே கடையைக் கட்டிக்கொண்டு வேறு வேலை பார்த்திருப்போம்.

சொந்தபந்தத்தில் ஏழு பேரைப் பிடித்துவிட்டேன். அதில் சித்தி ஐபோனுக்கு மாறிவிட்டதால் ஆறு. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஆறு வாசகர்கள் தேவை. பதினான்கு நாள் கழற்றாமல் வைத்திருங்கள், முடிந்தால் ஒரு தடவை திறந்தும் பாருங்கள்.