கிராமத்தை வளமாக்குவது எப்படி? (ஒரகடம் தொழிற்பேட்டை முறை)

முதலில் ஏரிப் பாசனமுள்ள ஊராகப் பார்த்துப் பிடியுங்கள். கோப்பில் மட்டும் 'வானம் பார்த்த பூமி' என்று எழுதிவிடுங்கள். தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டுவிட்டது. நீங்கள் மெனக்கெட வேண்டாம். பணத்தைப் பட்டாதாரர் கையில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுதவரும், களை எடுத்த பெண்களும் பட்டாவில் இருக்க மாட்டார்கள். இல்லாத பெயரை எழுதினால் ஆடிட்டில் கேள்வி வரும்.

பணம் வந்த வீட்டில் ஒரு கார், ஒரு கல்யாணம், மிச்சத்தில் லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். பீகார், ஒடிசாப் பையன்கள் அறைக்கு ஆறு பேர், வாடகை தலைக்கு இவ்வளவு. நைட் ஷிப்டு முடிந்து வருபவன் படுக்கும்போது பாயில் முந்தையவனின் சூடு இருக்கும். இதையும் வருமானக் கணக்கில் சேருங்கள்.

உள்ளூர்ப் பையன் வேலை கேட்டால் கேட்டிலேயே, "கான்ட்ராக்டரைப் பாருங்க தம்பி." அவன் ஊர்த் திருவிழாவுக்கு லீவு கேட்பான், சங்கமும் வைப்பான். சங்கத்தை ஏற்கச் சொல்லி 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தது நினைவிருக்கட்டும். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஸ்கிராப் எடுக்கும் கான்ட்ராக்டும் தண்ணீர் லாரியும் போதும், ஊர் அமைதியாகிவிடும்.

'நீடித்த வளர்ச்சி' என்று பேசும் மேடையில் நோக்கியாவைச் சொல்லித் தொலைக்காதீர்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1-இல் நின்றது. ஆலை வந்த அன்று நட்ட தென்னை அப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கியிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் வரிசை. மனிதர்கள் கடைசியில்தான் வரவேண்டும். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது 1998-இல். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழ, செல்போன் ஆலைப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான விடுதி திறந்தது 2024 ஆகஸ்டில். கார் முதலில், கட்டில் கால் நூற்றாண்டு கழித்து; இந்த இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: இந்தக் கையேட்டை ஏகனாபுரம் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2022-லிருந்து கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போடுகிறார்கள். பக்கத்து ஊர்களைப் பார்த்தே முழுதும் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.