சப் மாமா

டிவி அட்டைப்பெட்டி லிஃப்டில் ஏறினால் போதும், மாமா படியேறி வந்துவிடுவார். "டிவி நல்ல டிவிதான் சார். சப்வூஃபர் என்ன போடப்போறீங்க?"

அவரிடம் ஒரு படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கதை, நடிப்பு எல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. "இன்டர்வெலுக்கு அப்புறம் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே நல்லா இறங்குது" என்பார். வில்லன் யார் என்று கேட்டால் யோசிப்பார்.

ரிச்சி தெருவுக்கு உங்களை அவரே அழைத்துப் போவார். அட்டையில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் புன்னகைத்துவிட்டு, "நிஜமான ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு தம்பி?" என்பார். கடைத் தம்பிக்கு அவசரமாக ஒரு போன் வரும். பிறகு பெட்டியைத் தட்டுவார், தூக்குவார், காற்றுத்துளைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, "காத்து வருது பாருங்க" என்று நம் கையையும் பிடித்து வைப்பார். எட்டு இன்ச் போதும் என்று கிளம்பிய நாம் பன்னிரண்டு இன்ச்சோடு ஆட்டோவில் திரும்புவோம். கால் வைக்க இடமிருக்காது.

இணைப்பது எளிது. ஹோம் தியேட்டர் ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து சப்பின் எல்எஃப்இ துளைக்கு ஒரே ஒரு வயர். ஐந்து நிமிட வேலை; மாமா கையில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆளுயர ஸ்பீக்கர்களை, அதுவும் கடன் போட்டு வாங்கியவற்றை, ரிசீவர் மெனுவில் 'ஸ்மால்' என்று மாற்றச் சொல்வார். வீட்டுக்காரர் முகம் வாடும். "லார்ஜ்னு வெச்சா பேஸ் எல்லாத்தையும் அதுங்களே எடுத்துக்கும் சார். சப்புக்குப் படத்துல தனியா வர்ற வெடிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். ஸ்மால்னு போட்டு 80 ஹெர்ட்ஸ்ல வெட்டுங்க." மாமா சொல்வது சரிதான். அதுதான் எரிச்சல்.

அடுத்தது தவழும் படலம். நாம் உட்காரும் சோபாவில் சப்பை உட்கார வைத்து, ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, மாமா வேட்டியை மடித்துக்கட்டித் தரையில் இறங்குவார். சுவரோரமாக முட்டி போட்டு நகர்ந்து, சத்தம் எங்கே திருத்தமாகக் கேட்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். நம்பக்கூடிய முறைதான், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் பால்காரர் வருவார். வட்டம் எப்போதும் பூஜை அலமாரிக்கு எதிரே விழும். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். சப் ஷோகேஸுக்குப் பக்கத்து மூலைக்குப் போய்விடும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு குறையும். உள்ளே இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும்.

நடுவில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். மாமா கண்ணை மூடுவார். "50 ஹெர்ட்ஸ். கரன்ட் சத்தம்." கேபிள் டிவி வயரைப் பிடுங்குவார், முனகல் நிற்கும், பாட்டியின் சீரியலும் நிற்கும்.

இத்தனை தெரிந்தவர் வீட்டில் மட்டும் பேஸ் சரியாக விழாது. 16 அடி ஹால், நட்ட நடுவில் சோபா. 35 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டார அலைகள் அந்த இடத்தில்தான் அடங்கிப்போகும். சோபாவை நகர்த்த மாமிக்குச் சம்மதமில்லை. அதனால் அவர் வால்யூமை ஏற்றுவார்.

ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். "சார், எங்க வீட்டு ஃபேன் ஆடுது." மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று மாமி மாமாவை அனுப்பினார். அரை மணி நேரமாக ஆளைக் காணோம். மாமியின் கைப்பேசி அடித்தது. கீழ்வீட்டு சோபாவிலிருந்து மாமா:

"இங்க அருமையா இறங்குதுடி! அந்தச் சண்டைக் காட்சியை மறுபடி போட்டு, இன்னும் ரெண்டு பாயின்ட் ஏத்து."